திருநகர் மொட்டை மாடியிலிருந்து வேற்றுச் சூரியனின் கோளை அளக்க முடியுமா?

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். மதுரை திருநகரில் இருக்கும் ஒரு நண்பர் மோட்டார் இல்லாத 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் வைத்திருக்கிறார். வேறொரு விண்மீனைச் சுற்றும் ராட்சதக் கோள், தன் விண்மீனின் முன்னால் கடப்பதை வீட்டு மாடியிலிருந்தே பதிவு செய்யலாம் என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். உடன் வேலை பார்ப்பவரோ, "ஹப்பிள் செய்கிற வேலையை நீ மாடியில் உட்கார்ந்து செய்யப் போகிறாயாக்கும்" என்று சிரித்திருக்கிறார். இதில் யார் சொல்வது சரி, இதற்கென்று குளிர்விப்பு கேமரா (சில்லைக் குளிர வைத்துப் படமெடுக்கும் வானியல் கேமரா) வாங்கலாமா, புதிய கோள் எதையாவது கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார். இவற்றுக்கு அடியில் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: விண்மீனின் ஒளியைக் குறித்த என் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழுந்தால், அது கோள்தான் என்று எதை வைத்து நம்புவது? முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சிறியது. முடியும், ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் கருவியால் அல்ல. கேட்காமல் விட்ட கேள்விக்குத்தான் இந்த நீளம்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். அழகர்கோவில் சாலையில் ஒரு தோட்டத்திலிருந்து மாறும் விண்மீன்களை அளப்பது பல வருடப் பழக்கம். வானியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் அல்லன் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். இந்த வேலையில் கோளை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. 2004 ஜூன் 8 அன்று வெள்ளி சூரியனைக் கடந்ததை வடிகட்டி வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பொட்டு நினைவிருக்கும். அது மறைத்தது சூரிய ஒளியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் வெள்ளி நமக்குப் பக்கத்தில் இருந்ததால். வெகு தொலைவிலிருந்து ஒருவர் நம் சூரியனை அளந்துகொண்டிருந்தால், வியாழன் கடக்கும்போது நூற்றில் ஒரு பங்கு ஒளி குறைவதைக் காண்பார். பூமி கடந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. வியாழனின் விட்டம் சூரிய விட்டத்தில் பத்தில் ஒன்று என்பதால் மறைக்கும் பரப்பு நூற்றில் ஒன்று, கணக்கு அவ்வளவுதான். ஆகவே நமக்குக் கிடைக்கப்போவது அழகான படம் இல்லை, ஓர் இரவு முழுக்க எடுத்த எண்களின் வரிசை. இது ஏமாற்றமாகத் தோன்றினால் சனியின் வளையங்களைப் பாருங்கள். உங்கள் டாப்சோனியன் அதற்கு அருமையான கருவி.

நம் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட கோள் கடப்பதற்குக் காத்திருந்தால் ஆயுள் போய்விடும். சூடான வியாழன்கள் என்று அழைக்கப்படும் கோள்கள் தங்கள் விண்மீனை ஒட்டியே இரண்டு, மூன்று, நான்கு நாட்களில் ஒரு சுற்று முடித்துவிடுகின்றன. அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், அவற்றின் பாதை நம் பார்வைக்கோட்டில் விழும் வாய்ப்பும் ஏறக்குறைய பத்தில் ஒன்று என்ற அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. 1995இல் மயோரும் கெலோசும் அறிவித்த 51 பெகாசி பி இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது நமக்கும் அதன் விண்மீனுக்கும் குறுக்கே வருவதில்லை. குறுக்கே வருவதாக முதலில் பிடிபட்டது எச்டி 209458 என்ற விண்மீனின் கோள், 1999இல். அப்போது டேவிட் சார்போனோ குழுவினர் பயன்படுத்திய தொலைநோக்கியின் வாய் 10 சென்டிமீட்டர். உங்கள் மாடியில் இருப்பது அதைவிடப் பெரியது. ஹப்பிள் பிற்பாடுதான் வந்தது. 2001இல் அதே கோளின் வளிமண்டலத்தில் சோடியம் இருப்பதைக் கண்டது. சிரித்தவரிடம் இதைச் சொல்லலாம், ஆனால் இப்போதே சொல்லாதீர்கள்.

ஏனென்றால், நேரே கோளுக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நூற்றில் இரண்டு பங்கு ஒளி குறைவதை அளக்கப் போகிறவர், நூற்றில் எழுபது பங்கு குறைவதை முதலில் வெறுங்கண்ணால் அளந்து பழக வேண்டும். அதற்கு வானமே ஒரு பயிற்சிப் பாடம் வைத்திருக்கிறது. தை மாதம் இரவு ஏழரை மணிவாக்கில் மாடியில் நின்றால் உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டம் தெரியும். அதற்கு வடக்கே, சற்று மேற்கே தள்ளி, அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் ஆல்கால் என்ற விண்மீன் இருக்கும். அதில் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மங்கலான பெரியது, பிரகாசமான சிறியதை 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மறைக்கிறது. பிரகாசத்தைக் குறிக்கும் எண்ணான பொலிவெண்ணில் வழக்கமாக 2.1 இருப்பது அப்போது 3.4 வரை இறங்கும். எண் கூடக்கூட மங்கல் என்பதை நினைவில் வையுங்கள். இறங்கி ஏற ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆனாலும், ஆழமான பகுதி நடுவில் உள்ள நான்கு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

அளப்பது இப்படி. ஆல்காலுக்கு மேற்கே ஆல்மாக் என்ற விண்மீன், பொலிவெண் 2.1. சாதாரண இரவில் இரண்டும் சமமாகத் தெரியும். பெர்சியஸ் குழுவிலேயே எப்சிலான் 2.9, டெல்டா 3.0. முக்கோணக் குழுவின் ஆல்பா 3.4. கால் மணிக்கு ஒருமுறை, ஆல்கால் எதைவிட மங்கல், எதைவிடப் பிரகாசம், இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்த்து நேரத்துடன் எழுதுங்கள். முந்தைய வரியைப் பார்க்காமல் எழுதுங்கள். பார்த்தால் கை தானாகவே ஒழுங்கான வளைவைப் போட்டுவிடும். ஆல்காலுக்குத் தொட்டடுத்து இருக்கும் ரோ பெர்சியை மட்டும் ஒப்பிட எடுக்காதீர்கள், அதுவே மாறும் விண்மீன். பழகிய கண் 0.1 பொலிவெண் வரை சரியாகச் சொல்லும். இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட பொலிவில் இருந்த நேரத்தையும், ஏறும்போது அதே பொலிவுக்கு வந்த நேரத்தையும் எடுத்து நடுவைக் கண்டால் கிரகண மையம் பத்துப் பதினைந்து நிமிடத் துல்லியத்தில் கிடைக்கும். அடுத்த மையம் மூன்று நாள் கழித்து, கடிகாரத்தில் 3 மணி 11 நிமிடம் முன்னதாக வரும். இன்று இரவு பதினொன்றரை என்றால் அடுத்தது எட்டே கால். அதற்கடுத்தது மாலை ஐந்து, வெயிலில் போய்விடும். இந்தக் கணக்கை நீங்களே போட்டு, சொன்ன நேரத்துக்கு ஆல்கால் மங்குவதைப் பார்க்கிற இரவில் இந்த நோய் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

ஆல்காலை வலியுறுத்த இன்னொரு காரணம் உண்டு. 1783இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர், பதினெட்டு வயதில், இந்தக் கால ஒழுங்கைக் கண்டறிந்து, ஏதோ ஓர் இருண்ட பொருள் குறுக்கே போகிறது என்றார். அதற்கான நேரடிச் சான்று 1889இல்தான் வந்தது. ஹெர்மான் ஃபோகல் நிறமாலையில் அந்த விண்மீன் முன்னும் பின்னும் அசைவதைக் காட்டினார். பள்ளத்துக்கும் சான்றுக்கும் இடையே நூறு வருடத்துக்கு மேல். குட்ரிக் சொன்னது சரியாக இருந்தது, ஆனால் அவர் கையில் இருந்த வரைபடம் மட்டும் அதை நிரூபிக்கவில்லை. இந்த இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் புதியவர்களுக்குச் சொல்லப்படும் கிரகண விண்மீன்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். யு செஃபெய், ஆர்இசட் காசியோபியே இரண்டும் ஐரோப்பாவில் தலைக்கு மேலே சுற்றுபவை. மதுரையின் அகலாங்கு 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. இங்கே முதலாவது 18 பாகைக்கு மேல் ஏறாது, இரண்டாவது 30 பாகையோடு நின்றுவிடும். நமக்கு ஏற்றவை வேறு. ரோகிணிக்குப் பக்கத்தில் இருக்கும் லாம்ப்டா டாரி நம் உச்சி வழியாகவே போகிறது, சுற்று 3.95 நாள், பள்ளம் அரைப் பொலிவெண். சிரியஸுக்கு அருகில் ஆர் கேனிஸ் மேஜோரிஸ், 27 மணி நேரச் சுற்று, இருகண் நோக்கி போதும். கோடையில் விசாகத்தை ஒட்டி டெல்டா லிப்ரே. உங்கள் டாப்சோனியனுக்கு உண்மையான வேலை இங்கேதான். 8, 9 பொலிவெண் வரை உள்ள நூற்றுக்கணக்கான இரட்டைகளை அதில் கண்ணாலேயே மதிப்பிடலாம். ஒப்பீட்டு விண்மீன்கள் குறித்த வரைபடங்களை, 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கமான ஏஏவிஎஸ்ஓ இலவசமாகவே தருகிறது.

இனி கோளுக்கு வருவோம். உங்களுக்கு நான் சொல்வது எச்டி 189733. பொலிவெண் 7.7, சுற்று 2 நாள் 5 மணி 15 நிமிடம், பள்ளம் 2.4 சதவீதம், கடக்கும் நேரம் 1 மணி 48 நிமிடம். பிரகாசமான விண்மீன்களில் இவ்வளவு ஆழமான பள்ளம் அரிது. இடமும் எளிது: டம்பெல் நெபுலா என்ற எம்27க்குக் கால் பாகை கிழக்கே. டாப்சோனியனில் நெபுலாவைப் பிடித்தால் அதே பார்வைக்குள் இந்த ஆரஞ்சு நிற விண்மீனும் இருக்கும். ஆனால் படம் எடுக்க டாப்சோனியன் உதவாது. வானம் நகர்வதை அது பின்தொடராது. ஓரிரு நிமிடத்தில் விண்மீன் கேமராவை விட்டு ஓடிவிடும். அதனால் தொலைநோக்கியை ஓரமாக வைத்துவிட்டு, கேமராவில் 200 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மாட்டி, வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும், முக்காலியில் பொருத்தும் சிறிய ஸ்டார் டிராக்கர் கருவியில் வையுங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. சாதாரண டிஎஸ்எல்ஆரும் டெலிபோட்டோ லென்ஸும் கொண்டே இந்தக் கோளின் கடப்பைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

பெரிய தொலைநோக்கியைவிடச் சிறிய லென்ஸ் இங்கே உதவுவதற்குக் காரணம் இருக்கிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸில் வழக்கமான டிஎஸ்எல்ஆர் 6 பாகைக்கு 4 பாகை வானத்தைப் பிடிக்கும். அந்தப் பரப்பில் இதே அளவு பொலிவுள்ள விண்மீன்கள் பல கிடைக்கும். முழு வித்தையும் அதில்தான் இருக்கிறது. இரண்டு தட்டுத் தராசு போல, ஒரு தட்டில் நம் விண்மீன், மறு தட்டில் நான்கைந்து ஒப்பீட்டு விண்மீன்கள். மெல்லிய மேகம் போனால் இரண்டு தட்டிலும் ஒரே அளவு குறையும், விகிதம் மாறாது. கோள் கடந்தால் ஒரு தட்டு மட்டும் லேசாகும். பெரிய தொலைநோக்கியின் குறுகிய பார்வையில் 7.7 பொலிவெண் விண்மீனுக்கு இணையான இன்னொன்று பெரும்பாலும் அகப்படாது. மிக மங்கலானவற்றோடு ஒப்பிட வேண்டி வரும், பிழை பெருகும்.

பிழை எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகச் சொல்ல முடியும். ஒளி துகள் துகளாக வருவதால் பத்தாயிரம் துகள் எண்ணினால் நூறு முன்பின் இருக்கும், அதாவது ஒரு சதவீதம். பத்து லட்சம் எண்ணினால் ஆயிரம், அதாவது 0.1 சதவீதம். ஐந்து சென்டிமீட்டர் வாயுள்ள லென்ஸில் 30 விநாடி படம் எடுத்தால், துகள் பிழையும் காற்றால் விண்மீன் மினுங்குவதால் வரும் பிழையும் சேர்ந்து ஒரு படத்துக்கு அரை சதவீதம் அளவில் வரும். பத்துப் படங்களைச் சராசரி எடுத்தால் 0.2க்குக் கீழே இறங்கும். 2.4 சதவீதப் பள்ளத்தைப் பார்க்க இது தாராளம். காகிதத்தில் தாராளம் என்று சொல்ல வேண்டும். நடைமுறையில் கணக்கில் வராத பிழைகள்தான் இரவைக் கெடுக்கும்.

அவற்றில் முதன்மையானது விண்மீன் கேமராச் சில்லின் மேல் ஊர்வது. டிஎஸ்எல்ஆரில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மாறி மாறி இருப்பதால், கூர்மையாகக் குவிந்த விண்மீன் ஒரு புள்ளி நகர்ந்தாலே அளவு தாவும். அதனால் குவியத்தை வேண்டுமென்றே கெடுத்து, விண்மீனை ஒரு சிறு வட்டமாகப் பரப்பிவிட வேண்டும். புகைப்படக்காரர்களுக்கு இதைச் செய்ய மனசு வராது. ரா கோப்பாகவே எடுங்கள். ஜேபெக் கோப்பில் கேமரா தன் விருப்பத்துக்கு ஒளியைத் திருத்திவிடும். பச்சைப் புள்ளிகளை மட்டும் பிரித்து அளங்கள். விண்மீனின் நடுப் புள்ளி நிரம்பி வழியக் கூடாது. லென்ஸின் ஓரத்தில் ஒளி குறைவதையும் சில்லில் உள்ள தூசியையும் கழிக்க, லென்ஸ் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி அந்தி வெளிச்சத்தில் சமன்படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கடப்பு தொடங்குவதற்கு ஒரு மணி முன்பும் முடிந்த பின் ஒரு மணியும் எடுத்தாக வேண்டும். சமதரை தெரியாமல் பள்ளத்தின் ஆழம் தெரியாது.

மதுரைக்கே உரிய சிக்கல்களும் உண்டு. டிராக்கரைத் துருவ விண்மீனுக்கு நேராக நிறுத்த வேண்டும், ஆனால் அது இங்கே வெறும் 10 பாகை உயரத்தில் இருக்கிறது. அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும் அதை மறைக்க. சில கருவிகளின் சாய்வு 10 பாகை வரை இறங்காது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எச்டி 189733 முன்னிரவில் உச்சிக்கு வருவது ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில். அப்போது நம் ஊரில் மழை மேகம். அதனால் சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் நள்ளிரவிலேயே எழுந்து, விடிவதற்குள் முடியும் கடப்புகளைத் தேடுங்கள். ஆடியில் காற்று முக்காலியை நிற்க விடாது. தீபாவளியை ஒட்டி நிலவில்லாத இரவு கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். புகை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கோடையில் கான்கிரீட் மாடி நள்ளிரவு வரை வெப்பத்தைக் கக்கும். தண்ணீர் மோட்டார் ஓடும்போதும், யாராவது படியேறி வரும்போதும் படம் ஆடும். தெருவிளக்கு வெளிச்சத்துக்கு மட்டும் நீங்கள் பயப்படும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இவ்வளவு பிரகாசமான விண்மீனில் வானத்தின் வெளிச்சத்தைக் கழித்துவிடலாம். இந்த வேலைக்காக நாகமலைக்குப் பின்னாலோ சிறுமலைக்கோ ஓட வேண்டாம். வீட்டு மாடியில் ஆற அமர மூன்று இரவு முயல்வது காட்டில் ஓரிரவு அவசரப்படுவதைவிட மேல்.

நேரம் பற்றிக் கறாராக இருங்கள். கேமராவின் கடிகாரம் நாளுக்குச் சில விநாடிகள் விலகும். தொடக்கத்திலும் முடிவிலும் கைபேசியின் விநாடிக் காட்சியை ஒரு படம் எடுத்துக்கொண்டால் விலகல் தெரிந்துவிடும். உலக நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி கழிக்கும்போது தேதியையும் கவனியுங்கள்: மார்ச் 10 விடியற்காலை இரண்டு மணி என்பது உலக நேரப்படி மார்ச் 9 இரவு எட்டரை. வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் நமக்கு மாலை ஐந்தரைக்குப் பிறக்கிறது. மதுரையில் எந்தப் பருவத்திலும் அதற்குப் பிறகுதான் இருட்டும், ஆகவே நம் இரவு முழுவதும் ஒரே நாள் எண்ணுக்குள் அடங்கும். பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் ஒளி ஒரு பருவத்தில் எட்டு நிமிடம் வரை முந்தியும் ஆறு மாதம் கழித்துப் பிந்தியும் வரும். அதைச் சரிசெய்யும் திருத்தத்தையும் அந்த மென்பொருளே செய்யும், ஆனால் செய்ததா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சரி, பள்ளம் விழுந்துவிட்டது. இப்போது எதை நிச்சயமாகச் சொல்லலாம்? பள்ளத்தின் ஆழம், மறைக்கும் பொருளுக்கும் விண்மீனுக்கும் உள்ள அளவு விகிதத்தைத் தருகிறது. மையம் எப்போது, எவ்வளவு நேரம் என்பதும் தெரியும். நிறை தெரியாது. வியாழன், அதைப்போல் பல மடங்கு நிறையுள்ள பழுப்புக் குறுமீன், ஒளிரும் விண்மீன்களிலேயே மிகச் சிறிய செங்குறுமீன் ஆகிய மூன்றும் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். இவற்றில் எது குறுக்கே போனாலும் உங்கள் வரைபடம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதோடு, இரண்டு விண்மீன்கள் ஓரத்தில் மட்டும் உரசிப் போனாலும் சிறு பள்ளம் விழும். பின்னணியில் தொலைவில் ஒரு கிரகண இரட்டை ஒளிந்திருந்து, அதன் பெரிய பள்ளம் முன்னால் இருக்கும் விண்மீனின் ஒளியில் கரைந்து இரண்டு சதவீதமாகத் தெரிவதும் உண்டு. உரசிப் போவது கூரான பள்ளத்தைத் தரும், கோள் தட்டையான அடியுள்ள பள்ளத்தைத் தரும் என்பது நல்ல குறிப்பு; ஆனால் அரை சதவீதப் பிழையுள்ள புள்ளிகளில் கூரும் தட்டையும் பிரித்தறிய முடியாது. குட்ரிக்குக்கும் ஃபோகலுக்கும் இடையே இருந்த அதே இடைவெளி இது. அதை நிரப்ப நிறமாலை வேண்டும், அது மாடி வேலை இல்லை. எச்டி 189733 விஷயத்தில் அந்த வேலையை மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். நீங்கள் சோதிப்பது கோளை அல்ல, உங்கள் அளவையை.

அளவையைச் சோதிக்க இரண்டு வழி சொல்கிறேன். காணொளிகளில் இவற்றை யாரும் செய்து காட்டுவதில்லை. ஒன்று, ஒப்பீட்டு விண்மீன்களில் ஒன்றை எடுத்து, அதையே இலக்காக வைத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு அதே கணக்கைப் போடுங்கள். அதிலும் பள்ளம் வந்தால் உங்கள் கோள் காற்றில் இருக்கிறது. இரண்டு, கடப்பே இல்லாத ஓர் இரவில், அதே விண்மீனை, அதே உயரத்திலிருந்து அதே நேர அளவுக்குப் படம் எடுங்கள். கோடு தட்டையாக இருக்க வேண்டும். விண்மீன் சாயச் சாயக் காற்றின் தடிமன் கூடி வரைகோடு மெல்லச் சரியும். அதை நேராக்கும் திருத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தால் இல்லாத பள்ளத்தை உண்டாக்கலாம், இருக்கும் பள்ளத்தை மூடியும் விடலாம். கடப்பில்லா இரவின் வரைபடத்தையும் பக்கத்தில் வைக்காத எந்தப் பதிவையும் நான் முழுதாக நம்புவதில்லை.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. 1855இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகத்தில் இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியுக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் காணும் ஒழுங்கின்மைக்கு ஒரு கோள் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். சூரியனைத் தவிர வேறொரு விண்மீனுக்குக் கோள் இருப்பதாக அளவைகளை வைத்துச் சொல்லப்பட்ட மிகப் பழைய கூற்றுகளில் ஒன்று அது, சென்னையிலிருந்து. கோள் அங்கே இல்லை. அதே ஆய்வகத்தில் 1861 முதல் பணியாற்றிய போக்சன்தான் நாம் இன்று பயன்படுத்தும் பொலிவெண் அளவுக்குக் கணித வடிவம் கொடுத்தவர். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். நம் ஊரில் இந்தப் பழக்கம் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

தெரிந்த கோளையே திரும்ப அளந்து என்ன பயன் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு கோளின் சுற்றுக் காலத்தில் ஒரு விநாடி தவறு இருந்தால், ஆறு வருடத்தில் ஆயிரம் சுற்றுக்குப் பிறகு கணித்த நேரம் 17 நிமிடம் தள்ளிப் போய்விடும். பெரிய விண்வெளித் தொலைநோக்கிகளின் நேரம் விலை மதிப்பற்றது. அவை தவறான வேளையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால்தான் நாசாவின் எக்ஸோபிளானட் வாட்ச் திட்டமும், ஐரோப்பாவின் ஏரியல் விண்கலத்துக்காக இயங்கும் எக்ஸோகிளாக் திட்டமும் சிறு கருவிக்காரர்களின் அளவைகளைக் கேட்டு வாங்குகின்றன. வாஸ்ப்-12பி என்ற கோளின் சுற்று ஆண்டுக்கு ஏறக்குறைய 30 மில்லிவிநாடி குறைந்துவருவதும் பல வருட மைய நேரங்களைக் கோத்துத்தான் தெரிந்தது. ஆனால் உங்கள் ஓரிரவு அளவையில் மையம் மூன்று நிமிடம் முந்தி வந்தால், அங்கே இன்னொரு கோள் இழுக்கிறது என்று அறிவித்துவிடாதீர்கள். பெரும்பாலும் கேமராக் கடிகாரம்தான் இழுத்திருக்கும்.

புதிய கோள் கண்டுபிடிப்பது பற்றி நேராகச் சொல்கிறேன். பிரகாசமான விண்மீன்களை 2018 முதல் கோள் தேடும் நாசாவின் டெஸ் விண்கலம் சலித்துவருகிறது. அது விட்டுவைத்த சூடான வியாழனை மாடியில் நின்று பிடிப்போம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் டெஸ்ஸின் ஒரு புள்ளி வானத்தில் 21 விகலை அகலம் (ஒரு பாகையில் 3600 விகலை). ஒரே புள்ளிக்குள் பல விண்மீன்கள் விழுந்துவிடும். மங்கியது எது என்று அதற்குத் தெரியாது. தரையிலிருந்து கூர்மையாகப் படமெடுத்து, "மங்கியது நீங்கள் நினைத்த விண்மீன் அல்ல, பக்கத்தில் இருக்கும் கிரகண இரட்டை" என்று சொல்லும் வேலை சிறிய தொலைநோக்கிகளுக்கு உண்டு. கோளைக் கண்டுபிடிப்பதைவிடப் போலிக் கோளைக் கழித்துக்கட்டுவதில் உங்கள் பெயர் வர வாய்ப்பு அதிகம். அதற்கு 8 அங்குலமும் உறுதியான மோட்டார் தாங்கியும் வேண்டும்.

குளிர்விப்பு கேமராவை இப்போது வாங்க வேண்டாம். முதலில் செலவில்லாமல் ஆல்காலில் ஒரு பருவம். பிறகு டிராக்கர் மட்டும் வாங்கி எச்டி 189733. அதில் கடப்பில்லா இரவும் கடப்பு இரவும் வெவ்வேறாகத் தெரிந்த பிறகு, தாங்கிக்கும் கேமராவுக்கும் காசு போடலாமா என்று யோசியுங்கள். அந்தக் கட்டத்துக்கு வந்தால் வாஸ்ப்-52 என்ற விண்மீனைச் சொல்வேன்: பொலிவெண் 12, பள்ளம் 2.7 சதவீதம், மதுரையின் உச்சியிலிருந்து ஒரு பாகைக்கும் சற்றே தள்ளிக் கடக்கிறது. உச்சியில் காற்றின் தடிமன் மிகக் குறைவு என்பது லாபம். ஜெர்மன் வகைத் தாங்கியில் சரியாக அந்த நேரத்தில் தொலைநோக்கியை மறுபுறம் புரட்ட வேண்டியிருக்கும், அப்போது விண்மீன்கள் சில்லில் இடம் மாறி வரைகோட்டில் ஒரு படி விழும். மையம் உச்சிக்கு ஒரு மணி முன்போ பின்போ வரும் இரவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆல்கால் வரைபடம் போட்டதும் இங்கே பதியுங்கள். எந்தெந்த விண்மீனோடு ஒப்பிட்டீர்கள், நேரம் எதில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் என்னால் ஏதாவது சொல்ல முடியும்.